ஓடுதளம் இல்லாத உரிமம்

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாறிலோ குடியிருக்கும் ஒருவர், பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காக மட்டும் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்பினால், இந்தியச் சட்டம் அவரைத் தடுப்பதில்லை. 16 வயதில் மாணவ விமானி உரிமம் பெறலாம். 17 வயதில் பி.பி.எல். எனப்படும் தனியார் விமானி உரிமம் பெறலாம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். விமானப் போக்குவரத்து இயக்ககம் அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகை மருத்துவச் சான்று வாங்க வேண்டும். வான்போக்குவரத்து விதிகள், வானிலை, வழியறிதல், விமானமும் எஞ்சினும் வேலை செய்யும் விதம் ஆகியவற்றில் தேர்வெழுதி 100-க்கு 70 எடுக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு ரேடியோவில் பேசுவதற்குத் தனி உரிமம் உண்டு. மொத்தம் 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் ஒரு பகுதி பயிற்றுநர் உடன் இல்லாமல் தனியாக, இன்னொரு பகுதி ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த இந்த நகரத்துக்கு இவற்றில் எதுவும் மலைப்பூட்டும் நிபந்தனை அல்ல. இருந்தும் தென்சென்னையில் பொழுதுபோக்காக விமானம் ஓட்டுகிறவரைக் காண்பது அரிது. விதிகள் கடுமை, செலவு அதிகம் என்ற இரண்டைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். சென்னையில் இந்த உரிமம் கடந்துவந்த வரலாற்றைப் பார்த்தால் இரண்டுமே அரைகுறைக் காரணங்கள் என்று தெரிகிறது. பொழுதுபோக்கு விமானியை இந்த நகரம் இழந்ததற்கு முதல் காரணம், அவன் பறந்து பழகிய இடம் அவனிடமிருந்து போனதுதான்.

சென்னையின் முதல் விமானம் உரிமம் எதுவும் இல்லாமல் பறந்தது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஆஞ்சலிஸ் வடிவமைக்க, சிம்ப்சன் நிறுவனத்தார் கட்டித் தந்த விமானம் அது. பல்லாவரத்தில் பரீட்சித்துவிட்டு, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் மக்கள் முன்னிலையில் அதைப் பறக்கவிட்டார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழாண்டுகூட நிறைவடையாத காலம். விமானி என்பவன் யார் என்று வரையறுக்கும் தேவை இங்கே யாருக்கும் வரவில்லை. அந்த வரையறையைக் கொண்டுவந்தது முதல் உலகப்போருக்குப் பின் 1919-இல் கையெழுத்தான பாரிஸ் ஒப்பந்தம். அதன் இணைப்பு ஒன்றில் சொந்த ஆசைக்குப் பறப்பவனுக்கு ஒரு தகுதி, கூலிக்குப் பறப்பவனுக்கு வேறு தகுதி என்று பிரித்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் இவை 'ஏ' உரிமம், 'பி' உரிமம் என்று வழங்கின. 'ஏ' உரிமத்துக்கான சோதனை மிக எளிமையானது. 500 மீட்டர் இடைவெளியில் நட்ட இரு கம்பங்களைச் சுற்றி எட்டு என்ற எண்ணின் வடிவில் ஐந்து முறை வளைந்து பறக்க வேண்டும். பிறகு உயரத்தில் எஞ்சினை அடக்கிவிட்டுச் சறுக்கியபடி இறங்கி, தேர்வாளர் முன்பே குறித்த இடத்திலிருந்து 150 மீட்டருக்குள் தரையைத் தொட வேண்டும். விமானத்தைத் திருப்பத் தெரியுமா, எஞ்சின் நின்றுபோனால் பிழைக்கத் தெரியுமா என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் அந்தச் சோதனை விடை தேடியது. அன்றைய எஞ்சின்கள் அடிக்கடி நின்றன என்பதால் இரண்டாவது கேள்வியே முக்கியம்.

சட்டத்தில் இப்படி ஓர் உரிமம் இருந்ததாலேயே சென்னைக்காரர்கள் பறந்துவிடவில்லை. கற்றுத்தர ஆளும், பழக விமானமும், ஏறி இறங்கத் திடலும் வேண்டியிருந்தன. இந்த மூன்றையும் சேர்த்துத் தந்த ஏற்பாடுதான் ஃபிளையிங் கிளப். பிரிட்டனில் 1925-இல் அரசு மானியத்தோடு இலகு விமானச் சங்கங்கள் தொடங்கின. இந்தியாவில் 1927-இல் விமானப் போக்குவரத்துக்கெனத் தனி இயக்ககமும், இந்திய - பர்மிய ஏரோ கிளப்பும் அமைந்தன. 1928-இல் டெல்லியிலும் பம்பாயிலும் சங்கங்கள் பிறந்தன. 1930-இல் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் வந்தது. பரங்கிமலைக்குத் தெற்கே, மீனம்பாக்கத்தின் திறந்தவெளி அதன் களமானது. காலனி அரசு இந்தச் சங்கங்களுக்கு விமானமும் ஆண்டு மானியமும் கொடுத்தது. பொழுதுபோக்குக்கு அரசு ஏன் பணம் தர வேண்டும்? போர் வந்தால் பறக்கத் தெரிந்த ஒரு கூட்டம் கைவசம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. தபாலும் பயணிகளும் வானில் போகும் காலத்துக்கு மக்களைப் பழக்க வேண்டும் என்பது இன்னொரு கணக்கு. இரண்டாவது கணக்கு விரைவாகவே பலித்தது. 1929 பிப்ரவரி 10-இல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றவர் ஜே.ஆர்.டி. டாட்டா. பம்பாய் சங்கத்தில் பொழுதுபோக்காகக் கற்றவர். பயிற்றுநரோடு நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகப் பறந்துவிட்டுத் தனியாகக் கிளம்பியவர். 1932 அக்டோபர் 15-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டிவந்தவரும் அவரே. அந்தத் தபாலை அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். ஏர் இந்தியாவின் ஆதி ஒரு பொழுதுபோக்கு விமானியின் உரிமத்தில் இருக்கிறது.

அந்தக் காலச் சங்கங்களின் விமானம் டி ஹாவிலண்ட் மாத். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய, இரண்டடுக்கு இறக்கை கொண்ட, மேற்கூரை இல்லாத விமானம். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள். முன்னால் பயிற்றுநர், பின்னால் மாணவர். இருவரும் பேசிக்கொள்ள ஒரு ரப்பர் குழாய். ஒரு முனையில் வாய், மறுமுனையில் தலைக்கவசத்தின் காதுப்பகுதி. எஞ்சினைக் கிளப்ப வெளியே நிற்கும் ஒருவர் மரத்தாலான உந்துவிசிறியைக் கையால் பிடித்துச் சுழற்றி, சட்டென்று விலக வேண்டும். வாலுக்கு அடியில் சக்கரம்கூட இல்லாமல் ஒரு கட்டை. ஆரம்ப கால மாத்களில் பிரேக்கும் கிடையாது. ஆகவே தரையில் ஓட்டுவதே தனிப் பாடம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பித்தான் எழும்ப வேண்டும், இறங்க வேண்டும். சென்னையில் முற்பகலுக்கு மேல் கடற்காற்று திரும்பி உள்ளே வீசத் தொடங்கிவிடும் என்பதால், காற்று அடங்கியிருக்கும் காலைப் பொழுதுதான் புதியவர்களுக்கு உகந்தது. திரும்பத் திரும்ப எழும்பி, திடலைச் சுற்றி ஒரு செவ்வகப் பாதையில் வந்து இறங்குவதே பயிற்சியின் பெரும்பகுதி. இன்றைய மாணவர்களும் இதைச் 'சர்க்யூட்' என்றே சொல்கிறார்கள். ஒரு நாள் பயிற்றுநர் இறங்கிக்கொண்டு, தனியாக ஒரு சுற்றுப் போய்வா என்பார். அதுதான் 'சோலோ'. அந்தச் சுற்றுக்கு ஆகும் சில நிமிடங்களை லாக்புக்கில் தனிப் பத்தியில் எழுதுவார்கள். மாத் போய் வேறு விமானங்கள் வந்துவிட்டன, தாள்களில் எழுதும் தேர்வுகள் பெருகிவிட்டன. பயிற்சியின் இந்த நடுப்பகுதி மட்டும் 90 ஆண்டுகளாக மாறவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இது பணக்காரர்களின் விளையாட்டு. சில கனவான்கள் தங்கள் களத்தை இழந்ததற்கு ஊர் எதற்கு வருந்த வேண்டும்? மறுப்பின் முதற்பாதி முழு உண்மை. சங்கத்தில் சேரவே பரிந்துரையும் சந்தாவும் வேண்டும். மணிக்கணக்கில் கட்டணம் வேறு. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலத்தில் ஏறிப் பரங்கிமலையில் இறங்குவது சுலபமாயிற்று. லாங் டேங்க் ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவான தியாகராய நகரில் அப்போதுதான் குமாஸ்தாக்களும் வக்கீல்களும் வீடு கட்டிக் குடியேறிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குமாஸ்தாவுக்கு ரயில் டிக்கெட் எட்டியது. சங்கத்தின் மணிக்கட்டணம் எட்டவில்லை. பறக்கும் ஆசைக்குப் பணம் செலவழித்த தமிழர்கள் யார் என்று பார்த்தாலும் இதுவே தெரிகிறது. சென்னையின் புகழ்பெற்ற மருத்துவர் எஸ். ரங்காச்சாரி நோயாளிகளிடம் விரைந்து போகவென்றே ஒரு பஸ் மாத் விமானம் வைத்திருந்ததாகச் சொல்வார்கள். கோட்டையூர் ஆர்.எம். அழகப்பச் செட்டியார் பாரிஸ்டர் படிக்க லண்டன் போனபோது குராய்டனில் விமானி உரிமம் பெற்றார்.

மறுப்பின் பிற்பாதியோடுதான் எனக்கு உடன்பாடில்லை. பணக்காரரின் பொழுதுபோக்காகத் தொடங்கியது அவர்களோடு நின்றுவிடவில்லை. அழகப்பருக்குப் பறப்பதில் இருந்த நாட்டம் பிறகு ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனமாயிற்று. பொறியியல் கல்வியிலும் அவர் அதே வேகத்தைக் காட்டினார். 1944-இல் கிண்டியில் அவர் கொடையால் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கம். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது விமானப்படைக்கு முதற்கட்டப் பயிற்சி தர அரசு நாடியது நாட்டிலிருந்த ஃபிளையிங் கிளப்புகளைத்தான். புதிதாகப் பள்ளிகள் கட்டி முடிக்கும் வரை காத்திருக்க நேரமில்லை. தியாகராய நகரின் சுந்தரம் தம்பதியர் இதற்கெல்லாம் மேலான சான்று. மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பில் பயிற்றுநராக இருந்தவர் கேப்டன் வி. சுந்தரம். பிறகு பெங்களூர் ஜக்கூரில் மைசூர் அரசு தொடங்கிய பயிற்சிப் பள்ளிக்குப் போனார். அவர் மனைவி உஷா சுந்தரம் 1949-இல் அந்தப் பள்ளியில் தேர்ச்சி பெற்று, சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று பெயர் எடுத்தார். 1950-களின் தொடக்கத்தில் கணவனும் மனைவியுமாக ஒரு டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார்கள். (1959-இல் தங்கள் தியாகராய நகர் வீட்டில் அவர்கள் தொடங்கியதுதான் இன்றைய புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு. விமானம் தெரியாதவர்களும் சுந்தரத்தின் பெயரை அதனால் அறிவார்கள்.) ஒரு பயிற்றுநர், ஒரு திடல், மானியம் பெற்ற சில விமானங்கள் இருந்ததால்தான் இப்படிப்பட்டவர்கள் உருவாக முடிந்தது. மேல்தட்டுக்கு மட்டும் திறந்திருந்த கதவைப் பிறருக்கும் திறந்துவிடுவதுதான் சுதந்திர நாடு செய்திருக்க வேண்டிய அடுத்த வேலை.

கொஞ்ச காலம் அந்த வேலை நடக்கவும் செய்தது. ஃபிளையிங் கிளப்புகளுக்கு மானியம் தொடர்ந்தது. பெங்களூரின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை சங்கங்களுக்கென்றே புஷ்பக் என்ற விமானத்தைச் செய்தது. 1958-இல் அது முதலில் பறந்தது. இருவர் பக்கம் பக்கமாக அமரும், 90 குதிரைத்திறன் எஞ்சின் கொண்ட, துணி போர்த்திய எளிய விமானம். இறக்குமதிக்குக் காத்திருக்க வேண்டாம், உதிரிப்பாகம் பெங்களூரில் கிடைக்கும். நாடு முழுக்க ஒரு தலைமுறை அதில்தான் பறக்கக் கற்றது. மீனம்பாக்கத்தில் சின்ன விமானங்களுக்கு அப்போது இடமும் இருந்தது. 1963-இல் தி ஹிந்து நாளிதழ் தன் சொந்த விமானங்களில் வெளியூர்களுக்குப் பத்திரிகை அனுப்பத் தொடங்கியது. ஒரு நாளிதழ் விமானம் வைத்து ஓட்டும் அளவுக்கு அந்தக் களம் இடம் கொடுத்தது.

பிறகு இரண்டு பக்கமிருந்தும் நெருக்கடி வந்தது. ஒரு பக்கம் ஜெட் விமானங்கள். பெரிய விமானம் ஒன்று இறங்கினால் அதன் பின்னால் எழும் காற்றுச் சுழல் அடங்கும் வரை சிறு விமானம் காத்திருக்க வேண்டும். பெரியவை அடுத்தடுத்து வரும்போது சிறியதற்கு வாய்ப்பே கிடைக்காது. பத்து நிமிடப் பயிற்சிக்கு நாற்பது நிமிடம் தரையில் எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் நிலை வந்தால் எந்தச் சங்கமும் தாங்காது. இன்னொரு பக்கம், சங்கத்துக்குள்ளேயே ஒரு மாற்றம். வேலைக்கான சி.பி.எல். உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். 2003-இல் ஏர் டெக்கானும் அதைத் தொடர்ந்து மற்ற மலிவுக் கட்டண நிறுவனங்களும் வந்தபின் விமானி வேலைக்குப் பெரும் கிராக்கி. 200 மணி நேரம் வாங்க வருகிற மாணவர் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் கேட்டு வருகிறவரை யார் கவனிப்பார்கள்? பி.பி.எல். சி.பி.எல்.-க்குப் போகும் வழியில் மிதிக்கும் ஒரு படியாகச் சுருங்கியது. சட்டம் அதை முழு உரிமமாகவே வைத்திருக்கிறது. அதைப் பெற்றதோடு நின்றுவிடுகிறவர்தான் அருகிப்போனார். இதற்கிடையே பெரிய விமானங்களுக்காக மீனம்பாக்கத்தின் இரண்டாம் ஓடுதளம் அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே நாள்கணக்கில் மூடிக் கிடந்தபோது, ஓரத்தில் நின்றிருந்த சின்ன விமானங்கள் நீரில் இழுபட்டுப் புதரோரம் ஒதுங்கிக் கிடந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. பார்த்தவர்களில் பலருக்கு, அப்படிப்பட்ட விமானங்கள் சென்னையில் இருந்ததே அன்றுதான் தெரிந்திருக்கும்.

நெரிசலான வான்வெளியில் பழகுபவரை அனுமதிப்பது ஆபத்து என்பது இரண்டாவது மறுப்பு. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். மீனம்பாக்கத்தில் மறுபடியும் சர்க்யூட் போட வேண்டும் என்று பொறுப்புள்ள யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் இடம் போனால் வேறு இடம் தேடுவது பொழுதுபோக்குச் சங்கங்களின் வழக்கம். விமானத்துக்கு மட்டும் அது ஏன் நடக்கவில்லை? 1867-இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப், நகரம் அடையாற்றங்கரையை நெருக்கி வளைத்த பிறகும் அங்கேயே துடுப்புப் போடுகிறது. இன்னும் பொருத்தமான ஒப்பீடு கார் பந்தயம். போர்க்காலத்தில் விமானங்களுக்காகச் சோழவரத்தில் போட்ட ஓடுதளத்தில், 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகத் தடமே கட்டிக்கொண்டது. அதுவும் ஆபத்தான, செலவு மிகுந்த, மேல்தட்டுப் பொழுதுபோக்குதான். விமானத்துக்கென்று போட்ட ஓடுதளம் கார்களுக்குப் பயன்பட்டது; அந்த ஓடுதளத்தை விமானச் சங்கம் கேட்டுப் பெறவில்லை. பெரிய விமான நிலையத்தின் ஓரத்தில் கிடைத்த இடமே என்றும் நிலைக்கும் என்று நம்பியதுதான் சங்கம் செய்த பெரும் பிழை என்று நினைக்கிறேன். மோட்டார் சங்கத்துக்கு அப்படி ஒரு இடம் முதலிலிருந்தே இல்லாததால், அது தேடித்தான் ஆக வேண்டியிருந்தது.

மூன்றாவது மறுப்பு விதிகளைப் பற்றியது. கனடாவில் பொழுதுபோக்கு விமானிக்கென்றே தனி அனுமதி உண்டு: 16 வயது, 25 மணி நேரப் பயிற்சி, உடன் ஒரு பயணியை ஏற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவில் 2004 முதல் இலகுரக விளையாட்டு விமானங்களுக்கு 20 மணி நேரமே போதும். இந்தியாவில் மைக்ரோலைட், கிளைடர் போன்றவற்றுக்குத் தனி உரிமங்கள் உண்டே தவிர, சாதாரண விமானத்துக்கு இப்படி ஒரு கீழ்ப்படி இல்லை. அதைக் கொண்டுவந்தால் ஆள் சேரும் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 40 மணி நேரம் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த அளவு. அதன்படி பெறும் உரிமத்தைப் பிற நாடுகளும் மதிக்கும். கனடாவின் அனுமதிக்கு அந்தத் தகுதி கிடையாது. அங்கே 25 மணி நேரம் போதுமாக இருப்பதற்குக் காரணம், ஊருக்கு ஊர் சிறு விமானத் திடல்கள் இருப்பதும், ஒருவர் வாரம் தவறாமல் போய்ப் பழகுவதும். பறத்தல் நாள்பட்டால் மறக்கும் கைத்திறன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு மாநிலத்துக்கு ரயிலேறிப் போய் இரண்டு மணி நேரம் பறப்பவருக்கு 25-ஐ விட 40 பாதுகாப்பு. திடல் இல்லாத ஊரில் மணி நேரத்தைக் குறைத்தால் உரிமம் மலியும், விமானி உருவாகமாட்டார். நிர்வாகச் சிக்கல் வேறு விஷயம்; அதைக் குறைக்கலாம், குறைந்தும் வருகிறது. ரேடியோ உரிமத்துக்கு ஒரு துறை, பறக்கும் உரிமத்துக்கு இன்னொரு துறை என்று பல்லாண்டு அலையவைத்த ஏற்பாட்டை 2024-இல் வந்த பாரதிய வாயுயான் சட்டம் மாற்றி, இரண்டையும் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் கீழ் கொண்டுவந்தது. சிறு விமானங்களுக்கான பெட்ரோலை வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த நிலையில், 2022-இல் இந்தியன் ஆயில் அதை இங்கேயே தயாரித்து விற்கத் தொடங்கியது. எரிபொருள் வந்துவிட்டது, தாள் வேலை குறைகிறது, சட்டம் வழிவிட்டு நிற்கிறது.

மிச்சம் இருப்பது இடம். உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று போர்க்காலத்து ஓடுதளங்கள் தமிழ்நாட்டில் பல. இவை போன்ற பழைய ஓடுதளங்களைப் பயிற்சிப் பள்ளிகளுக்குக் கொடுப்பது பற்றிச் சில ஆண்டுகளாகவே பேச்சு நடக்கிறது. சேலம் விமான நிலையத்தில் ஒரு பள்ளி வந்தும்விட்டது. அந்தப் பள்ளிகள் வேலைக்கான 200 மணி நேரத்தை விற்கத்தான் வருகின்றன. தங்கள் விருப்பத்துக்கு விட்டால் பொழுதுபோக்கு விமானியை அவை உள்ளே சேர்க்கமாட்டா. ஆகவே ஓடுதளத்தைக் குத்தகைக்குத் தரும் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள்: வாரத்தில் ஒரு நாளையாவது பி.பி.எல். மட்டும் போதும் என்று வருகிறவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 1930-இல் காலனி அரசு தன் தேவைக்காக மானியம் கொடுத்துச் செய்த ஏற்பாட்டை, இன்றைய அரசு மானியம்கூட இல்லாமல் ஒரு வரியில் செய்துவிட முடியும்.